கருந்துளைக்குத் தரை கண்டவர்

அந்த வாரம் செஞ்சி பேருந்து நிலையத்திலிருந்து திண்டிவனம் சாலையில் போன யாரும் ஐன்ஸ்டீனைப் பார்க்காமல் தப்பியிருக்க முடியாது. கம்பத்துக்கு ஒன்று என்று கல்லூரி வாசல்வரை ஃபிளெக்ஸ். இடது மூலையில் தபால்தலை அளவுக்குத் தலை கலைந்த ஐன்ஸ்டீன். நடுவில் ஆளுயரத்துக்குக் கோட்டு போட்ட முனைவர் இராமச்சந்திரன். ‘ஐன்ஸ்டீனைத் திருத்திய அறிஞரே! கருந்துளைக்குத் தரை கண்டவரே! வருக, வருக’ என்று எழுதியிருந்தது. எங்கிருந்து எங்கே வர வேண்டும் என்று தெரியவில்லை. அவர் வீடு கல்லூரிக்குப் பின்னாலேயே இருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே, பொடி எழுத்தில், வாய்மொழித் தேர்வுக்கு நிற்கப்போகிற பெண்ணின் பெயர் இருந்தது. எழில் என்று மூன்றே எழுத்து. அதையும் முக்கால்வாசிக் கம்பங்களில் கட்டுக்கயிறு மறைத்துவிட்டது.

முனைவர் பட்டத்துக்கான பொது வாய்மொழித் தேர்வு என்பது, ஆய்வு செய்தவர் எழுந்து நின்று பேசுவதும், வெளியிலிருந்து வரும் தேர்வாளர் கேள்வி கேட்பதும், விருப்பப்பட்ட எவரும் வந்து உட்கார்ந்து கேட்பதும். விருப்பப்பட்ட எவரும் என்று விட்டால் ஒருவரும் வர மாட்டார்கள் என்பதால் முதலாண்டு மாணவர்களை வரிசையாக ஓட்டிவந்து அரங்கத்தை நிரப்புவார்கள். அவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் முதல் நாளே துண்டுச்சீட்டில் தரப்பட்டுவிடும். தேர்வு முடிந்ததும் சாப்பாடு, பொன்னாடை, போட்டோ. ஃபெயிலானவர் யாரும் உண்டா என்றால், கல்யாண மண்டபத்துக்கு வந்த பிறகு பெண் பிடிக்கவில்லை என்று சொன்ன மாப்பிள்ளைகள் எத்தனை பேரோ அத்தனை பேர் இருக்கலாம்.

எழிலுக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. அவளுடைய ஆய்வுப் பதிவு அந்த மாதத்தோடு காலாவதியாகிறது. நீட்டிக்க முடிந்த மட்டும் நீட்டித்தாயிற்று. இன்றைக்குத் தேர்வாளரும், ஆய்வுக்கு வழிகாட்டியவரும் கூட்டத்தை நடத்துகிறவருமான நெறியாளரும், இரண்டு பேரும் அறிக்கையில் கையெழுத்துப் போட்டால் அவள் முனைவர் எழில். ஒருவர் போடாவிட்டாலும் ஆறு வருஷம் மண்ணோடு போச்சு. நெறியாளர் வேறு யாருமில்லை, ஃபிளெக்ஸில் நிற்கிறவர்தான்.

அவளுடைய அப்பா பெரியதம்பி, அவள் வாயில் நைனா, அவலூர்பேட்டை டவுன் பஸ்ஸில் கண்டக்டர். ஒரு மாதமாக டிக்கெட்டோடு சேர்த்து இந்தச் செய்தியையும் கிழித்துக் கிழித்துக் கொடுத்திருந்தார். தளவானூரிலிருந்து சொந்தபந்தம் எல்லாம் வேனில் வந்து இறங்கி, டாக்டர் பட்டத்தை எந்த வாசல் வழியாகக் கொண்டுவருவார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தது.

தேர்வு நாளன்றைக்குப் பார்த்து செஞ்சி முழுக்க மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. அதனால் வெள்ளிவிழா அரங்கத்தின் பக்கவாட்டில் ஒரு ஜெனரேட்டரைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். (கல்லூரிக்கு இன்னும் இருபத்தைந்து வயதாகவில்லை. அரங்கத்துக்கு மட்டும் முன்கூட்டியே வெள்ளிவிழா முடிந்திருந்தது.) உள்ளே மேடையலங்காரக்காரர்களின் கூச்சல் தாங்காமல் எழில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஜெனரேட்டர் பக்கம் நிழலில் வந்து நின்றாள். மனசுக்குள் இத்தாலி அரித்துக்கொண்டிருந்தது. எட்டு மாதமாக அரிக்கிறது.

அவள் எடுத்துக்கொண்ட விஷயம் 2019 மே மாதம் பூமியைக் கடந்துபோன ஓர் ஈர்ப்பலை. நம் சூரியனைப் போல எண்பது மடங்குக்கு மேல் கனத்த ஒரு கருந்துளையும், அதைவிடக் கொஞ்சம் இளைத்த இன்னொன்றும் சுற்றிச் சுற்றி வந்து மோதி ஒன்றாகிவிட்டன. அப்போது வெளியே குலுங்கியிருக்கிறது. வெளி என்றால் விண்வெளி, நம் கால் ஊன்றியிருக்கிற இடமும் சேர்த்தி. அந்தக் குலுக்கல் எழுநூறு கோடி வருஷம் நடந்து வந்து, அமெரிக்காவில் இரண்டு இடங்களிலும் இத்தாலியில் ஓரிடத்திலும் கிலோமீட்டர் கணக்கில் நீண்டு கிடக்கிற குழாய்களுக்குள் ஓடும் லேசர் ஒளியை, அணுக்கருவைவிடச் சின்ன அளவுக்கு அசைத்துவிட்டுப் போய்விட்டது. கண் சிமிட்டுகிற நேரம்கூட இல்லை.

அதில் எழிலுக்கு வேண்டியது கடைசித் துணுக்கு. புதிதாகப் பிறந்த கருந்துளை கோணல்மாணலாகத்தான் பிறக்கும். தட்டிவிட்ட மணி மாதிரி அதிர்ந்து, அதிர்வையெல்லாம் அலையாக உதறிவிட்டு, சட்டென்று அடங்கிவிடும். அந்த மணியின் சுருதியையும் அது அடங்குகிற வேகத்தையும் வைத்து, பிறந்தது எவ்வளவு கனம், எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று சொல்லிவிடலாம். அதற்கு மேல் கருந்துளையிடம் விசாரிக்க ஒன்றுமில்லை என்பது ஐன்ஸ்டீனுடைய ஈர்ப்புக் கணக்கு. எந்த நட்சத்திரத்திலிருந்து வந்தது, என்ன வம்சம், யார் பிள்ளை, எதுவும் அதன் மேல் ஒட்டியிருக்காது. இந்த ஒரு விஷயத்துக்காகவே எழிலுக்குக் கருந்துளைகளைப் பிடித்துப்போயிருந்தது.

ஆனால் அவளுடைய ஆய்வில் மணி அடங்கவில்லை. மோதல் முடிந்த பிறகும் ‘ம்ம்ம்’ என்று இழுத்துக்கொண்டே இருந்தது. உள்ளே விழுந்த அலை திரும்பி வராது என்பதுதான் கருந்துளை. திரும்பி வந்து முனகுகிறது என்றால் உள்ளே எதன் மேலோ பட்டுத் திரும்புகிறது. அதாவது தரை இருக்கிறது. இராமச்சந்திரன் அன்றைக்கே தையற்காரரிடம் கோட்டுக்கு அளவு கொடுத்துவிட்டார்.

முனகல் அமெரிக்காவில் இரண்டு இடத்திலும் கேட்டது. இத்தாலியில் கேட்கவில்லை.

அவள் ஜெனரேட்டரின் வயிற்றில் அறைந்திருந்த தகட்டைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வோல்ட், இத்தனை கிலோவாட். அதற்குக் கீழே 50 ஹெர்ட்ஸ் என்று இருந்தது. இங்கே கரண்ட் விநாடிக்கு ஐம்பது தடவை ஆடும். இத்தாலியிலும் ஐம்பதுதான்.

அமெரிக்காவில் அறுபது.

அளக்கிற கருவி அத்தனை நுணுக்கமானது என்பதால் லாரி போனாலும் அதில் பதியும், காற்றடித்தாலும் பதியும், அந்த ஊர் கரண்ட்டின் ரீங்காரமும் பதியும். இந்தச் சத்தங்களையெல்லாம் வடிகட்டி எறிந்த பிறகுதான் ஆய்வே தொடங்கும். வடிகட்டுவதற்குக் கல்லூரியின் இயற்பியல் துறையில் ஒரே ஒரு மென்பொருள்தான் அனுமதி: இராமச்சந்திரன் இளவயதில் தம் கையாலேயே எழுதிய ‘ராம்வடி’. முதலில் அது இதயத்துடிப்பு வரைபடங்களைச் சுத்தப்படுத்த எழுதப்பட்டது. பிறகு அவரிடம் வந்த எல்லா மாணவர்களின் எல்லா ஆய்வுக்கும் ஆயிற்று. பயன்படுத்தலாம், மேற்கோள் காட்டலாம். உள்ளே திறந்து பார்க்கக் கூடாது. அது கர்ப்பகிரகம் மாதிரி என்று அவரே சொல்லியிருக்கிறார். பூட்டு ஒன்றும் கிடையாது, மரியாதைதான் பூட்டு. துறையில் யாரும் அதைத் தொட்டதில்லை, எழில் உட்பட.

அவள் அங்கேயே, டீசல் வாடைக்கு நடுவில், லேப்டாப்பை முழங்காலில் வைத்துத் திறந்தாள். நீக்க வேண்டிய இரைச்சல் என்று ராம்வடியின் நடுவயிற்றில் எழுதியிருந்தது: ஐம்பது, நூறு, நூற்றைம்பது. செஞ்சி கரண்ட். அமெரிக்கக் கரண்ட் ஒரு தடையும் இல்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்து முனகிக்கொண்டிருக்கிறது. மோதலுக்கு முந்தைய பகுதியைத் தேவையில்லாத பின்னணி என்று வெட்டி எறிந்துவிடுவதும் ராம்வடியின் சிறப்பு. அதனால் அந்த முனகல் முன்னாடியிலிருந்தே இருந்ததா என்று பார்க்கவும் வழியில்லாமல் போயிற்று. போதாததற்கு, இந்தக் கருந்துளையின் சொந்தச் சுருதியும் அறுபதை ஒட்டியே இருந்து தொலைத்ததால் அதுவும் காட்டிக்கொடுக்கவில்லை.

முனகல் கரண்ட்டாக இருக்கலாம் என்றுதான் தோன்றியது. நிச்சயம் இல்லை. எண்ணை மாற்றி ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். அது ஓடி முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தேர்வு தொடங்க அரை மணிதான் இருந்தது.

இராமச்சந்திரன் தம் அறையில் கண்ணாடி முன்னால் நின்று டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். எழில் சொன்னதை முழுக்கக் கேட்டார். அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது; அவர் யார் சொல்வதையும் முழுக்கக் கேட்கிறவரில்லை.

“ஓட்டிப் பாத்துட்டியா?”

“இன்னும் இல்ல சார்.”

“அப்ப தப்புன்னு எப்படிச் சொல்ற? விஞ்ஞானத்துல ஆதாரம் இல்லாம பேசக் கூடாதும்மா.” டையை இழுத்து இறுக்கினார். “அப்படியே இருந்தாலும் இன்னைக்கு டிகிரிய வாங்கிக்கோ. அடுத்த வருஷம் நாமளே கண்டுபிடிச்ச மாதிரி ரெண்டாவது பேப்பர் போடலாம். ஒரு தப்பு, ரெண்டு பேப்பர். யாருக்கும் நஷ்டமில்ல.”

அவள் நகரவில்லை. அவர் கண்ணாடியிலிருந்து திரும்பினார்.

“எழில், நான் கையெழுத்துப் போட்டாதான் நீ டாக்டர். உங்க அப்பா ஊரையே கூட்டிட்டு வந்து உக்காந்திருக்காரு. பாத்துக்கோ.”

அவள் வெளியே வந்தாள். வராந்தாவில் நின்று, ஐம்பதை அறுபதாக்கி, நூறை நூற்றிருபதாக்கி, நூற்றைம்பதை நூற்றெண்பதாக்கி, ஓட விட்டாள். வேறு லேப்டாப் அவளிடம் இல்லை. இதை வைத்துத்தான் மேடையில் படம் காட்டியாக வேண்டும். பின்னால் அது ஓடிக்கொண்டிருக்கட்டும் என்று முன்னால் தன் படங்களைப் பரப்பி அதை மறைத்தாள். லேப்டாப்புக்குள் காற்றாடி சுழலத் தொடங்கியது.

தேர்வாளர் ஜெயபால் வந்து இறங்கியபோது மேளம் வாசித்தார்கள். அவர் பூர்வீகம் பனமலைக்குப் பக்கத்தில் ஒரு ஜைனக் குடும்பம். இப்போது வடக்கே ஏதோ ஆய்வு நிறுவனத்தில் இருக்கிறார். ஒல்லியான, மெதுவாகப் பேசுகிற மனிதர். வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் கலக்காத தனிச் சமையல் ஏற்பாடு செய்திருப்பதை இராமச்சந்திரன் வாசலிலேயே சொன்னார், படியேறும்போது சொன்னார், மேடையில் மைக் முன்னாலும் சொன்னார். அதைக் கேட்ட முதலாண்டு மாணவர்கள் தங்களுக்கும் கிழங்கு இல்லையோ என்று கவலைப்பட்டார்கள்.

தாளாளர் வெற்றிவேல் குத்துவிளக்கு ஏற்றிப் பேசினார். கல்லூரிக்கு முன்னால் அவர் வீட்டுமனை விற்றவர். தரை என்ற சொல் அவரை அசைத்திருந்தது. அண்டசராசரத்தில் இதுவரை யாரும் கால் வைக்காத இடத்தில் நம் கல்லூரி கால் வைத்திருக்கிறது, அங்கே மேற்கொண்டு ஆகவேண்டியதைக் கவனிப்போம் என்றார். பிறகு இராமச்சந்திரன் பேசினார். ஐன்ஸ்டீன் பெரியவர்தான், ஆனாலும் அவர் காலத்தில் வசதிகள் குறைவு என்று பெருந்தன்மையோடு மன்னித்தார்.

எழில் பேச எழுந்தபோது லேப்டாப்பின் காற்றாடி மைக்கில் கேட்கிற அளவுக்கு இரைந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு படமும் மாறுவதற்கு அது மூச்சுப் பிடித்து யோசித்தது. முன்வரிசையில் நைனா சீருடைச் சட்டையிலேயே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அம்மா மீனம்பாள்.

ஈர்ப்பலை என்றால் என்ன, அதை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று எழில் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் தங்களையே நம்ப மாட்டார்கள் என்றாள். முன்பு ஒரு தடவை, ஆராய்கிற நூற்றுக்கணக்கானவர்களுக்குத் தெரியாமல் ஓரிரண்டு பேர் ஒரு பொய் அலையை அளவீட்டுக்குள் நுழைத்துவிட்டார்கள். மற்றவர்கள் மாதக்கணக்கில் அதை ஆராய்ந்து கட்டுரையே எழுதிய பிறகு, எல்லாரும் கூடியிருக்கும்போது மூடிய உறையைத் திறந்து அது பொய் என்று சொன்னார்கள். ஏமாறாமல் இருக்கப் பழகுவதற்கு அப்படி ஒரு வழக்கம்.

ஐந்தாவது அத்தியாயம் வந்தது. தரை. அவள் அதைச் சொன்னாள், ஆனால் சொன்ன மாதிரி இல்லை. “இப்படித் தெரிஞ்சுது” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனாள். முனகல் ஒலியை இராமச்சந்திரன் பெரிய ஸ்பீக்கரில் போடச் சொல்லியிருந்தார். அரங்கம் முழுக்க ‘ம்ம்ம்’ என்று அது நிரம்பியபோது, தளவானூர்ப் பெண்களில் ஒருத்தி கையெடுத்துக் கும்பிட்டாள்.

சீட்டுக் கேள்விகள் வந்தன. ஒரு மாணவி கேள்வியைப் படித்த வேகத்தில் சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் இருந்த பதிலையும் படித்துவிட்டு உட்கார்ந்தாள். கைதட்டினார்கள்.

ஜெயபால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“ஒண்ணே ஒண்ணும்மா. அமெரிக்காவுல ரெண்டு இடத்துலயும் இது தெரியுது. இத்தாலியில ஏன் தெரியல?”

எழில் வாயைத் திறப்பதற்குள் இராமச்சந்திரன் மைக்கைப் பிடித்துவிட்டார். மாணவர் திணறினால் நெறியாளர் குறுக்கே விழுவது இங்கே முறைதான். இத்தாலிக் கருவிக்குக் காது மந்தம், அமெரிக்கக் கருவி கேட்கிற பலதும் அதற்குக் கேட்காது, இதைத் தாம் ஆய்வேட்டின் அடிக்குறிப்பிலேயே தெளிவாக்கியிருப்பதாகச் சொன்னார்.

அது முழுப் பொய்யும் இல்லை. இத்தாலிக் கருவி கொஞ்சம் மந்தம்தான். ஜெயபால் யோசித்தார். “ம். இருக்கலாம்” என்றார். பேனாவைத் திறந்து அறிக்கையைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

எழிலுக்கு மூச்சு வந்தது. முடிந்துவிட்டது. ஒரு கையெழுத்து, பிறகு இன்னொரு கையெழுத்து. நைனா முன்வரிசையில் பாதி எழுந்து, தட்டத் தயாராகக் கைகளை விரித்து வைத்திருந்தார்.

லேப்டாப் காற்றாடி நின்றுவிட்டது.

ஓடி முடித்துவிட்டது என்று அர்த்தம். திரையின் ஓரத்தில், யாருக்கும் தெரியாத சின்னதாக, முடிவு தயார் என்று ஒரு கட்டம். அவளும் இன்னும் பார்க்கவில்லை. திறக்காமலேயே மூடிவிடலாம். அவள் சந்தேகப்பட்டது தவறாகக்கூட இருக்கலாம். தவறாக இருந்தால், இப்போது வாயைத் திறப்பதைப் போல முட்டாள்தனம் வேறில்லை. சரியாக இருந்தால், அதைவிடப் பெரிய முட்டாள்தனம்.

“இல்ல சார்,” என்றாள்.

பேனா தாளில் படாமல் நின்றது.

“இத்தாலிக்குக் காது மந்தம்கிறதால இல்ல. எனக்கு ஒரு சந்தேகம் இருக்குது. அது கருந்துளை சத்தமே இல்ல, கரண்ட் சத்தம்னு நெனைக்கிறேன். அமெரிக்காவுல அறுபது. நாங்க வடிகட்டுனது அம்பது. மாத்தி ஓட்டியிருக்கேன். இப்பதான் முடிஞ்சுது. நானே இன்னும் பாக்கல.”

அரங்கத்தில் பாதிப் பேருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் மேடையில் ஏதோ உடைந்தது என்பது எல்லாருக்கும் புரிந்தது. இராமச்சந்திரன் சிரித்தார். பெண்ணுக்கு டென்ஷன், காலையிலிருந்து சாப்பிட்டிருக்க மாட்டாள், ஜைன முறைப்படி ஐயாவுக்கும் சூரியன் சாய்வதற்குள் சாப்பாடு ஆக வேண்டும், மீதியைச் சாப்பிட்டுப் பேசலாம் என்றார். சூரியன் அப்போது நேர் உச்சியில் இருந்தது. பேசிக்கொண்டே பக்கவாட்டுக் கதவில் நின்ற அலுவலக உதவியாளரைப் பார்த்துக் கையைக் கத்திபோல் வைத்து அறுப்பதாகச் சைகை காட்டினார்.

ஜெனரேட்டர் இரண்டு தும்மல் தும்மி நின்றது. திரை இருண்டது, மைக் செத்தது, மின்விசிறிகள் தள்ளாடி ஓய்ந்தன.

எழில் லேப்டாப்பைப் பார்த்தாள். பேட்டரியில் உயிர் இருந்தது. கட்டத்தைத் திறந்தாள்.

கோடு எழும்பி, இரண்டு மூன்று தடவை ஆடி, படுத்துவிட்டது. அதன்பிறகு ஒன்றுமில்லை. அடுத்தது அமெரிக்காவின் இரண்டாவது கருவி, லூசியானாவில் இருப்பது; அதன் கோடும் அப்படியே. இத்தாலிக் கோட்டைப் பக்கத்தில் வைத்தாள். மூன்றும் ஒன்றுபோலப் படுத்துக் கிடந்தன.

ஜெயபால் நாற்காலியை விட்டு எழுந்து மேடையைச் சுற்றிக்கொண்டு வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றார். குனிந்து பார்த்தார்.

“ஒலியாப் போட முடியுமா?” என்றார்.

லேப்டாப்பின் ஸ்பீக்கர் சுண்டைக்காய் அளவுக்கு இருக்கும். ஜெனரேட்டர் ஓடியிருந்தால் அவளுக்கே கேட்டிருக்காது. இப்போது அரங்கம் அடங்கிக் கிடந்தது. கடைசி வரிசையில் யாரோ இருமியது கேட்டது. அவள் விசையைத் தட்டினாள்.

‘தொப்’ என்று ஒரு சத்தம். மூட்டையைத் தரையில் வைத்தாற்போல. அவ்வளவுதான்.

எல்லாரும் மீதிக்காகக் காத்திருந்தார்கள். மீதி வரவில்லை.

“அவ்ளோதானா?” என்றார் நைனா, முன்வரிசையிலிருந்து.

“அவ்ளோதான் நைனா.”

“சரி, இப்ப உங்க ஆய்வு என்ன சொல்லுது?” என்று ஜெயபால் கேட்டார். இதுதான் உண்மையான தேர்வு என்று எழிலுக்குத் தெரிந்தது.

“அடங்கிட்டுது சார். கணக்கு சொல்ற வேகத்துல. சுருதிய வெச்சுப் பாத்தா நூத்து நாப்பது சூரியன் கனம், நல்லா சுத்துது. மோதுன ரெண்டையும் கூட்டினா அதவிட எட்டு சூரியன் ஜாஸ்தி வரும். அந்த எட்டும் அலையா வெளிய போயிருக்குது. கனம், சுழற்சி, இந்த ரெண்டு போக வேற எதையும் அது காட்டல. தரை இருக்குதுன்னு சொல்ல எங்கிட்ட ஒண்ணும் இல்ல. ஐன்ஸ்டீன் சொன்ன ஈர்ப்பு இவ்வளவு பெரிய மோதல்லயும் பிசகல, அளந்த வரைக்கும். அதான் இப்ப முடிவு.”

கூட்டத்தில் ஏமாற்றம் நன்றாகவே தெரிந்தது. ஐன்ஸ்டீன் சரி என்றால் இதற்காகவா இரண்டு பீரியட் உட்கார்ந்தோம் என்கிற மாதிரி மாணவர்கள் நெளிந்தார்கள். தாளாளர் சாப்பாட்டுக்கூடத்தை மேற்பார்வையிடப் போய்விட்டார். தரை இல்லாத இடத்தில் அவருக்கு வேலையில்லை.

இராமச்சந்திரனின் முகத்தை எழில் பார்க்கவில்லை. அவருடைய மூச்சு மட்டும் கேட்டது. அது கொஞ்ச நேரம் வேகமாக வந்து, பிறகு சீரானது. அவர் எழுந்து, மைக் இல்லாததால் தொண்டையைத் திறந்து பேசினார்.

“சபையோருக்கு ஒரு உண்மையைச் சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது,” என்றார். இவ்வளவு நேரமும் அதைச் சொல்லவில்லை என்பது அதிலேயே அடங்கியிருந்ததை அவர் கவனிக்கவில்லை. அமெரிக்காவில் செய்கிறார்களே, பொய் அலையை நுழைத்துத் தங்கள் ஆட்களைச் சோதிப்பது, அதைத்தான் தாமும் செய்ததாகச் சொன்னார். ஐம்பது என்று வேண்டுமென்றேதான் போட்டு வைத்தாராம். மாணவி கண்டுபிடிக்கிறாளா என்று ஆறு வருஷம் பொறுத்திருந்தாராம். இன்றைக்கு அவர் நெஞ்சு நிறைந்துவிட்டதாம்.

அரங்கம் எழுந்து கைதட்டியது. தளவானூர் வேன் மொத்தமும் தட்டியது. எழிலுக்குக் காதெல்லாம் கொதித்தது. இதற்குப் பதில் சொல்லலாம். காலையில் கண்ணாடி முன்னால் நடந்ததைச் சொல்லலாம். சொன்னால் அந்தக் கையெழுத்து இந்த ஜன்மத்தில் கிடையாது. அவள் வாயைத் திறந்தாள்.

ஜெயபால் கையை லேசாக உயர்த்தினார். அவளைப் பார்த்துத்தான்.

“அருமையான வழக்கம் சார்,” என்றார் இராமச்சந்திரனிடம். “அந்த மூடின உறைய எடுத்துட்டு வரச் சொல்லுங்க. அறிக்கையோட சேத்து வெச்சுடலாம்.”

“உறையா? அது வீட்ல இருக்கு.”

“பின்னாடிதானே வீடு.”

“பீரோ சாவி மிஸஸ்கிட்ட இருக்கு. அவங்க மேல்மலையனூர் போயிருக்காங்க.”

“பரவால்ல, பரவால்ல. உங்க வார்த்தை போதும்.” ஜெயபால் உட்கார்ந்து, அறிக்கையில் எழுத ஆரம்பித்தார். எழுதுவதை வாய்விட்டும் சொன்னார். ஐந்தாவது அத்தியாயத்தை முழுக்கத் திருத்தி மூன்று மாதத்துக்குள் தர வேண்டும். அந்த நிபந்தனையோடு பட்டத்துக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. கீழே கையெழுத்துப் போட்டார். தாளைத் திருப்பி இராமச்சந்திரன் பக்கம் நகர்த்தினார்.

இராமச்சந்திரன் தாளைப் பார்த்தார். கையை மடித்து வைத்துக்கொண்டார். ஆய்வேட்டின் உயிர்நாடியே ஐந்தாவது அத்தியாயம், அது விழுந்த பிறகு பரிந்துரை என்பது யோசிக்க வேண்டிய விஷயம், ஒரு வாரம் போகட்டும் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். ஒரு வாரத்தில் மாதம் முடிந்துவிடும். அது அவருக்கும் தெரியும், எழிலுக்கும் தெரியும்.

எழில் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“புரியலையே சார்,” என்றார் ஜெயபால். குரல் தாழவில்லை, மைக் இல்லாமலே முன்வரிசைக்குக் கேட்டது. “ஆறு வருஷமா நீங்க வெச்ச பரீட்சை. அதுல இவங்க பாஸ் பண்ணிட்டாங்கன்னு இப்பதான் இத்தனை பேர் முன்னாடி சொன்னீங்க. பாஸ் பண்ண மாணவிக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்னா, அப்ப அது பரீட்சை இல்லையோன்னு எனக்கு ஒரு சந்தேகம் வரும். அதையும் நான் அறிக்கையில எழுத வேண்டி வரும்.”

வெளியே சாம்பார் வாளி உருளுகிற சத்தம். நைனா எழுந்து நின்றிருந்தார். விஷயம் முழுக்கப் புரிந்திருக்காது. ஆனால் ஏறிவிட்டு டிக்கெட் எடுக்காமல் நழுவப் பார்க்கிற ஆளை அவருக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும். அந்தப் பார்வையை இராமச்சந்திரன் மேல் வைத்திருந்தார்.

இராமச்சந்திரன் கோட்டுப் பையைத் தடவினார். ஜெயபால் தம் பேனாவை நீட்டினார். அவர் அதை வாங்கி, முனைவர் என்பதை முழுக்க எழுதி, பெயரை எழுதி, அதற்குக் கீழே சுழித்தார். சுழி கொஞ்சம் பெரிதாகவே வந்தது. பிறகு எழிலின் தலையில் கை வைத்து ஆசீர்வதிப்பதற்காகத் திரும்பினார். அவள் தள்ளி நின்றதால் கை காற்றிலேயே ஆசீர்வதித்துவிட்டு இறங்கியது.

“அத்தியாயத்த நீங்களே எழுதுங்கம்மா,” என்றார் ஜெயபால், தாளை மடித்துக்கொண்டே. “பின்னணின்னு வெட்டினதையும் சேத்துப் போடுங்க. சாருக்கு அலைச்சல் வேணாம்.”

மாணவர்கள் அதற்குள் சாப்பாட்டுக்கூடத்துக்குப் பாய்ந்திருந்தார்கள். இராமச்சந்திரனும் தேர்வாளரை அழைத்துக்கொண்டு, கிழங்கு இல்லாததைப் பற்றி விளக்கியபடியே படியிறங்கினார். அம்மா மேடையடிக்கு வந்து, ஆயிடுச்சா பாப்பா என்று கேட்டாள். பாதி ஆயிடுச்சு, மூணு மாசம் வேல இருக்குது என்றாள் எழில். மூணு மாசம்தானே என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வேன்காரர்களுக்குச் சேதி சொல்லப் போனாள்.

மேடையில் பட்டுத்துணி போர்த்திய நாற்காலிகள் வரிசையாக இருந்தன. தேர்வுக்கு நிற்கிறவள் நிற்கத்தானே போகிறாள் என்று அவளுக்கென்று யாரும் ஒன்றும் போட்டிருக்கவில்லை. நடுவில் தாளாளருடையது, மற்றவற்றைவிட முதுகு உயரமானது, காலியாக இருந்தது. அவள் அதை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, லேப்டாப்பில் பேட்டரி இருக்கிற வரைக்கும் இருக்கட்டும் என்று, ஐந்தாவது அத்தியாயத்தைத் திறந்து முதல் வரியை அழித்தாள்.